42 ஆம் நாளுக்குப் பிறகு

அவளை நான் முதலில் பதிந்தது 2011 ஆம் ஆண்டு, மாரி தொடங்குகிற காலம். இரணைமடு வாய்க்கால் போய் முடிகிற பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில். முகாமிலிருந்து திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கர்ப்பவதிப் பதிவேட்டை மடியில் வைத்து வழமையான கேள்விகளைக் கேட்டுக்கொண்டு போனேன். வயது 24. முதல் பிள்ளை. இரத்த வகை, முன்னைய நோய்கள், சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததா? அந்தக் கேள்விக்கு அவள் சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கி வலது தோளைக் காட்டினாள்.

"இதுக்குள்ளை செல் பீஸ் ஒண்டு கிடக்கு மிசி. எடுக்கேலாதெண்டு விட்டிட்டினம்."

எழுதிக்கொண்டேன். அந்த வருடங்களில் எங்கள் பதிவேடுகளில் இப்படி ஒரு வரி இல்லாத வீதியே இருக்கவில்லை.

நான் குடும்பநல மருத்துவமாது. ஊரில் மிசி என்பார்கள், வயதானவர்கள் பிள்ளை என்பார்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மருத்துவமாது என்பது நாட்டுக் கணக்கு. மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் வன்னியில் என்னைப் போன்றவர்கள் இரண்டு மூன்று பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தோம். பையில் பினார்ட் கொம்பு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, அளவு நாடா, சால்டர் தராசு, இரும்புச்சத்துக் குளிசை. ஒரு தாய் பிள்ளை தங்கியிருக்கிறதென்று சொல்லும் நாளிலிருந்து பிள்ளை பிறந்து 42 ஆம் நாள் வரை அவள் என்னுடைய பொறுப்பு. அதன் பிறகு பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும்தான் என் கண்ணில் படும். தாய் பின்னால் போய்விடுவாள்.

முதல் மாதங்களிலேயே அவள் எனக்கு நோயைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குத்தான் கேட்கவில்லை. "கையெல்லாம் விறைக்குது", "காலை இழுத்துக்கொண்டு திரியிறன்" என்பாள். ஒரு நாள், "குனிஞ்சா முதுகாலை கறண்ட் ஓடுது மிசி" என்றாள். கண்மடலைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. இரத்தப் பரிசோதனையும் குறைவாகவே வந்தது. களைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று இரும்புச்சத்துக் குளிசையைக் கூட்டிக் கொடுத்து, திரிபோஷாவை அவளே சாப்பிடுகிறாளா, வீட்டில் எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்தேன். முதுகால் ஓடிய கறண்டுக்குத் தோளில் கிடந்த பீஸைக் காரணம் சொன்னேன். பீஸ் கிடக்கிற உடம்பில் வேறு நோய் வராது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் எல்லா வலியையும் 2009 போரின் கணக்கிலேயே எழுதினோம். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

கடைசி மூன்று மாதமும் ஆச்சரியப்படும் அளவுக்குத் தெம்பாக இருந்தாள். விறைப்பும் இல்லை, கால் பாரமும் இல்லை. கிணற்றடியில் தானே தண்ணீர் அள்ளினாள். என் குளிசைதான் வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

2012 ஆனியில், சோளகம் அடிக்கிற நாட்களில், சுகப்பிரசவம். பெண் பிள்ளை, 2 கிலோ 800. நான் 4 ஆம் நாள் போனேன், 9 ஆம் நாள் போனேன். 18 ஆம் நாள் போனபோது வேதுத் தண்ணி வார்த்துக்கொண்டிருந்தார்கள். நொச்சியும் வேப்பிலையும் பாவட்டையும் போட்டு அவித்த தண்ணீர், ஆவி பறக்கிறது. தாய்க்காரி ஒவ்வொரு வாளியாக மகளின் இடுப்பிலும் முதுகிலும் அடித்து ஊற்றினார். குளித்து முடிந்ததும் அவள் எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு காலும் வாழைத்தண்டு போல மடிந்தன. அரை மணித்தியாலம் நிலத்திலேயே இருந்தாள். பிறகு மெல்ல மெல்லக் கால் வந்தது.

"பிள்ளைப்பெத்த உடம்பு, அப்பிடித்தான் பிள்ளை" என்றார் தாய்.

நானும் ஓம் என்றேன். அந்த ஓம் இன்றும் என்னை உறுத்துகிறது.

42 ஆம் நாள் போய்ப் பார்த்தேன். காயம் ஆறியிருந்தது, பால் இருந்தது, கருத்தடை பற்றிக் கதைத்தேன், பக்கத்தை மூடினேன். துடக்குக் கழித்து, வந்த உறவுக்காரரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தாய்க்காரி தன் வயலுக்குத் திரும்பினார். புருஷன் மேசன் வேலைக்கு விடியவே போய்விடுவார். பத்தாம் கிழமை அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக் கட்டில் கால் வைத்தபோது வலது கால் சொல்வழி கேட்கவில்லை. விழுந்தாள். பிள்ளையின் நெற்றியில் உரசல் காயம் மட்டும்தான். பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து எனக்குச் சொன்னான். போய்ப் பார்த்தபோது, "ஒரு கண்ணாலை பாத்தா குங்குமம் மண்ணிறமாத் தெரியுது மிசி" என்று வேறொன்றையும் சொன்னாள். கண்ணைத் திருப்பினால் உள்ளே நோகிறது என்றாள்.

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றபோது அந்தப் பீஸ் மறுபடி குறுக்கே வந்தது. அந்த இயந்திரம் பெரிய காந்தம். உடம்பில் இரும்பு எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று தெரியாமல் உள்ளே விட முடியாது. முதலில் எக்ஸ்ரே எடுத்து, அது தசையில் புதைந்து கிடக்கிறது, பெரிய நரம்புக்கோ இரத்தக்குழாய்க்கோ கிட்ட இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே எடுத்தார்கள். முதுகில் ஊசி போட்டு நீரும் எடுத்தார்கள். கடைசியில்தான் நோயின் பெயர் வந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். தோளில் கிடந்த பீஸுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்தப் பெயரை நான் பயிற்சிக் காலத்தில் கேட்டதே இல்லை. எங்கள் சுகாதார வைத்திய அதிகாரிதான் இருத்தி விளக்கினார். உடம்பின் காவற்படையே மூளை, முள்ளந்தண்டு வடம், கண் நரம்பு ஆகியவற்றின் மேலுறையைத் தாக்குகிறது. அவர் சொன்னதை நான் அவளின் தாய்க்குச் சொன்னபோது வாய்க்காலைக் காட்டித்தான் சொன்னேன்: "அம்மா, குளத்திலை தண்ணி நிறைய இருக்கு. வாய்க்கால் கரை அங்கை இங்கை உடைஞ்சா கடைசி வயலுக்குத் தண்ணி வந்து சேருமோ? பிறகு மண் போட்டு அடைச்சாலும் பழைய மாதிரி ஓடாது. இவவின்ரை காலும் கண்ணும் கடைசி வயல்." கடைவாய்க்காலில் வயல் செய்கிற பெண் அவர். உடனே விளங்கியது.

1868 இல் பிரான்சில் ஷார்கோ என்ற வைத்தியர் இந்த நோயை முறையாக விவரித்தார். உலகம் முழுவதும் 28 இலட்சம் பேருக்கு இருப்பதாக 2020 இல் கணக்கெடுத்தார்கள். குளிர் நாடுகளில் அதிகம், பூமத்திய ரேகைக்குக் கிட்ட வர வர அரிது. அதனால்தான் எங்களுக்கு முகம் தெரியாத நோயாக இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு வருகிறது. அதுவும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில், பிள்ளை பெறுகிற வயதில்.

வேதுத் தண்ணியின் கதையும் அன்றுதான் விளங்கியது. 1890 இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர், உடலை வருத்தினால் இந்த நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை எழுதி வைத்தார். சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது: உறை தேய்ந்த நரம்பு சூட்டைத் தாங்காது. உடம்பு வெப்பம் சற்று ஏறினாலே பார்வை மங்கும், கால் சோரும். குளிர்ந்ததும் திரும்பி வரும். புதிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் கையில் பிள்ளையோடு நிற்கிறவளுக்கு அந்த அரை மணித்தியாலம் போதும். 18 ஆம் நாள் என் கண் முன்னாலேயே அது நடந்தது.

இந்த இடத்தில் வேறு சில தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளின் இரண்டாவது கர்ப்பத்தைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் அவர்களிடம் கற்றதுதான்.

போரில் முள்ளந்தண்டு வடம் அறுந்த பெண்கள் வன்னியில் பலர். மாங்குளத்தில் உயிரிழை என்று ஒரு அமைப்பு இருக்கிறது, முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே கூடி நடத்துவது. என் பிரிவிலும் சக்கர நாற்காலியில் இருந்து கருவுற்ற ஒரு தங்கச்சி இருந்தாள். மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. பிள்ளைத் துடிப்பை வயிற்றால் அறிய அவளால் முடியாது. கையை வயிற்றில் வைத்து எண்ணப் பழக்கினேன். அவளைப் பார்க்கப் போகும் முன் வைத்திய அதிகாரி என்னை எச்சரித்தார்: மார்பின் நடுப்பகுதிக்கு மேலே வடம் அறுந்தவர்களுக்குப் பிரசவ வலி வலியாகத் தெரியாது. தலையிடி வரும், முகம் சிவந்து வியர்க்கும், இரத்த அழுத்தம் திடீரென்று மேலே பாயும். அதை வெறும் தலையிடி என்று விட்டால் உயிர் போகும். 36 ஆம் கிழமையிலேயே அவளை வாட்டில் சேர்த்தோம். ஒரு நாள் இரவு, "மிசி, தலை வெடிக்குது, முகமெல்லாம் வேர்க்குது" என்று அவள் தாதியிடம் சொல்ல, அவர்கள் உடனே விளங்கிக்கொண்டார்கள். பிள்ளை நலமாகப் பிறந்தது.

அவள் எனக்குக் கற்றுத் தந்தவை பல. பிள்ளையை மடியில் வைத்து மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டே சக்கர நாற்காலியை ஓட்டலாம். சிறுநீர்த் தொற்று வந்தால் எரிவு தெரியாது. கலங்கல் நிறத்தையும் காய்ச்சலையும்தான் பார்க்க வேண்டும். ஏணையை மற்ற வீடுகளைப் போல உயரக் கட்டாமல் தரைக்கு ஒரு சாண் மேலே கட்டினால் தாய் கிடந்த கிடையிலேயே ஆட்டலாம். எல்லாவற்றையும்விட, "உனக்கேன் பிள்ளை?" என்று கேட்கிற ஊரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் எப்படிப் பிள்ளை வளர்க்கிறாள் என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

அதே கேள்வியைத்தான் 2015 இல் எம்.எஸ். உள்ள அந்தத் தாயிடமும் கேட்டார்கள். குடும்பத்திட்டமிடல் கிளினிக் நாளில் வந்து, எல்லாரும் போகும் வரை வாங்கிலில் இருந்தாள். "இன்னொண்டு பெறலாமோ மிசி? மாமி சொல்லுறா, உனக்கே ஏலாது, இன்னொண்டைப் பெத்து ஆர் பாக்கிறதெண்டு."

எனக்கு விடை தெரியாது. வைத்திய அதிகாரியிடம் கேட்டேன். அவர் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் கோடு கீறிக் காட்டினார். ஒரு காலத்தில் வைத்தியர்களே இந்த நோய் உள்ள பெண்களிடம் பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். 1998 இல் ஐரோப்பாவின் 12 நாடுகளில் 254 பெண்களைக் கர்ப்பத்திலும் அதற்குப் பிறகும் தொடர்ந்து பார்த்து ஒரு ஆய்வு வெளிவந்தது. கர்ப்பத்துக்கு முந்திய வருடத்தில் ஒரு பெண்ணுக்கு நோய் கிளம்பிய வீதம் சராசரி வருடத்துக்கு 0.7. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அது 0.2 ஆகக் குறைந்தது. பிள்ளை பிறந்த முதல் மூன்று மாதத்தில் 1.2 ஆக ஏறியது. பிறகு பழைய அளவுக்குத் திரும்பியது. தாய்ப்பால் கொடுத்ததால் நோய் கூடவில்லை.

கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி மூன்று மாதமும் அவள் தெம்பாக இருந்ததற்கு என் குளிசை காரணமில்லை. தாயின் காவற்படை வயிற்றுப் பிள்ளையைத் தாக்காமல் இருக்கத் தன்னை அடக்கிக்கொள்கிறது, அதனோடு நோயும் அடங்குகிறது. பிள்ளை வெளியே வந்ததும் அடக்கம் விலகுகிறது. நோய் கிளம்பக்கூடிய காலம் 90 நாள். என் வருகை முடிவது 42 ஆம் நாள். துடக்குக் கழிவது 31 ஆம் நாள். ஊரும் நாங்களும் அவளை விட்டுவிட்டு வருகிற நேரத்தில்தான் அந்தக் கோடு ஏறி நின்றது. மாமியின் கேள்வியில் பாதி சரியானது என்று அப்போது நினைத்தேன். யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. பிள்ளை வேண்டாம் என்பது அதற்கு விடை அல்ல.

நரம்பியல் வைத்திய நிபுணர் அவளோடும் புருஷனோடும் நீண்ட நேரம் கதைத்தார். இரத்தத்தில் ஒரு பரிசோதனையும் செய்வித்தார். எம்.எஸ். போலவே தோன்றும் நியூரோமயலைட்டிஸ் ஒப்டிகா என்ற வேறொரு நோய் உண்டு. அதற்கான பிறபொருளெதிரியை 2004 இல்தான் கண்டுபிடித்தார்கள். ஆசியர்களில் அதை மறக்கக் கூடாது, அது கர்ப்பத்தில் இப்படி அடங்காது, எம்.எஸ். மருந்து சில அதை மோசமாக்கும் என்றார். அவளுக்கு அது இல்லை. எந்த மருந்தை எப்போது நிறுத்துவது என்பதைக் கருத்தரிக்கும் முன்பே முடிவு செய்தார்கள். இந்த நோய்க்கான மருந்துகளில் சில கருவுக்கு ஆகாதவை. பிள்ளைக்கும் வருமா என்று அவள் கேட்டாள். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம், மற்றவர்களுக்கு வராது என்றார். அவள் அந்த மற்றவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

2016 இல் இரண்டாவது கர்ப்பம். இந்த முறை நான் பதிவேட்டுக்கு வெளியே ஒரு கொப்பி வைத்தேன். ஒவ்வொரு வருகையிலும் ஐந்து கேள்வி: கால் எப்படி, கண் எப்படி, சலம் எப்படி, நித்திரை எப்படி, எவ்வளவு நேரத்தில் களைக்கிறாய். களைப்பு என்றால் கண்மடலை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தவில்லை. எந்த நேரம், என்ன செய்யும்போது, குளித்தால் குறைகிறதா என்று கேட்டேன். பத்து மணிக்குப் பிறகு அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றாள். சமையல் விடியற்காலைக்கு மாறியது. புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டிலின் தகரத்துக்கு மேலே கிடுகு வேய்ந்தார். உள்ளே இறங்கிய சூடு கையை நீட்டினாலே தெரியும் அளவுக்குக் குறைந்தது. கழுத்தில் போட ஈரத்துவாய். இவற்றுக்கெல்லாம் பெரிய காசு செலவாகவில்லை.

வேதுத் தண்ணிக்குத்தான் சண்டை வந்தது. தாய்க்காரி விடவில்லை. "குளிர்ந்த தண்ணி வாத்தா வாதம் ஏறும். உங்கடை படிப்பிலை அது இல்லைப் பிள்ளை." அவர் முதல் பிரசவத்தில் மகளுக்குச் செய்தது அன்பால் செய்தது, அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. இலையை அவியுங்கள், ஆறவிடுங்கள், பொழுது சாய்ந்த பிறகு மேல்சூட்டில் வாருங்கள், அவள் நின்றுகொண்டல்ல, வாங்கிலில் இருந்துகொண்டு குளிக்கட்டும் என்றேன். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சம்மதித்தார். பத்தியக்கறியிலும் காயச் சரக்கிலும் நான் தலையிடவில்லை.

பிறகு நாட்களை எழுதினோம். எம்.எஸ். இருப்பதனால் மட்டும் வயிற்றை வெட்ட வேண்டியதில்லை என்று மகப்பேற்று நிபுணர் சொன்னார், இரண்டாவதும் சுகப்பிரசவம்தான். எங்கள் கவனம் முழுவதும் அதற்குப் பிந்திய 90 நாளில் இருந்தது. முதல் 31 நாள் தாய்க்காரி. அவர் போக, அடுத்த மாதம் மாமி. ஆம், கேள்வி கேட்ட அதே மாமி. நான் அவரிடம் போய் அந்தக் கோட்டைக் கீறிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப மூண்டு மாதம்தானே" என்றார். மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டு அக்கா பகலில் வருவார், இரவு புருஷன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது. பாயில் கிடந்து பக்கவாட்டில் பால் கொடுக்க வேண்டும். தாழ்ந்த ஏணை. இரவில் ஒரு தரம் புருஷன் பிள்ளையைத் தூக்கி அவளின் பக்கத்தில் வளர்த்திவிட வேண்டும், அவள் எழும்பக் கூடாது.

42 ஆம் நாள் பதிவேட்டின் பக்கத்தை மூடினேன். கொப்பியை மூடவில்லை. கிழமைக்கு ஒரு தரம் வேறு வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கினேன். இதற்குப் படிவமும் இல்லை, கட்டளையும் இல்லை. 42 நாள் என்பது பெரும்பாலான தாய்மாருக்குச் சரியான கணக்கு. தாய் மரணத்தை உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுவதும் அந்த எல்லைக்குள்தான். ஆனால் நரம்பு நோயோடு பிள்ளை பெறுகிறவளுக்கு 90 நாள் வரை வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுத்தில் வர வேண்டும். 2024 இல் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கென்று சிறப்பு மையம் திறந்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கு வர முடியாமல் பாயில் கிடக்கிறவளிடம் யார் போவது என்பதை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன்.

நோய் கிளம்பாமல் விடவில்லை. 71 ஆம் நாள் காலை அக்கா போனில் அழைத்தார். அவளுக்குக் கண் மங்குகிறது, நோகிறது என்றார். பழைய கண் அல்ல, மற்றக் கண். இந்த முறை விழுந்த பிறகு அறியவில்லை. அன்று பகலே வாட்டில் இருந்தாள். மூன்று நாள், நாளுக்கு ஒரு கிராம் மீதைல்பிரெட்னிசொலோன் நாளத்தால் ஏற்றினார்கள். மருந்து ஏறி நாலு மணித்தியாலம் பால் கொடுக்க வேண்டாம் என்றதால் காலையிலேயே பாலை எடுத்துக் கோப்பையில் வைத்தாள். மாமி வாட்டு விறாந்தையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு கரண்டியால் ஊட்டினார்.

நாலு மாதத் தடுப்பூசி நாளில் அவள் கிளினிக்குக்கு வந்தாள். புருஷன் பிள்ளையைக் கொண்டுவந்தார், அவள் மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள். நாலு வயது மகள், நெற்றியில் அந்தப் பழைய காயத்தின் மெல்லிய கோடு. கண் எப்படி என்று கேட்டேன்.

"முழுச் சிவப்பு இல்லை மிசி. செங்கல் நிறமாத் தெரியுது. காணும்."

பெடியனைச் சால்டர் தராசில் தொங்கவிட்டேன். நான் வாசிக்க முன்னம் அவள் கையைக் காட்டி மறித்தாள். நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு, மங்கின கண்ணால் முள்ளுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஆறு கிலோ நானூறு."

நானும் பார்த்தேன். ஆறு நானூறுதான். அட்டையில் புள்ளி போட்டேன்.